பல்ப் அணையட்டும்... அப்புறம் ஸ்விட்சைப் போடு!

இந்த வாரம் ஒரு வைவா கேள்வியோட ஆரம்பிக்கலாமா?

ஒரு ஸ்விட்ச் இருக்கு. அதுக்கு இடது பக்கம் 415 வோல்ட். வலது பக்கமும் அதே 415 வோல்ட். ரெண்டு பக்கமும் கரன்ட் இருக்கு. இப்போ அந்த ஸ்விட்சைப் போட்டா என்ன ஆகும்?

'ரெண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ்தானே சார்... ஒண்ணும் ஆகாது!'

லாஸ்ட் பெஞ்சு, ஃபர்ஸ்ட் பெஞ்சு வித்தியாசம் இல்லாம பாதிப்பேர் சொல்ற பதில் இதுதான். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ரெண்டு தொட்டியில தண்ணி ஒரே மட்டத்துல இருந்தா, நடுவுல குழாயைத் திறந்துவிட்டாலும் தண்ணி ஓடாதே!

ஆனா பாஸ், அதே ஸ்விட்சைத் தப்பான நேரத்துல போட்டுப் பாருங்க (நிஜமா பார்த்துடாதீங்க!). பல டன் எடையுள்ள ஜெனரேட்டரோட ஷாஃப்ட் முறுக்கிக்கலாம். வைண்டிங் பிடுங்கிக்கிட்டு வரலாம். பிரேக்கர் வெடிக்கலாம். சரியான நேரத்துல போட்டா, 'டக்'னு ஒரு சின்ன சத்தம். அவ்வளவுதான். அதே ஸ்விட்ச், அதே வோல்டேஜ், அதே ஆள். போடுற நேரம் மட்டும்தான் வேற.

இந்த 'நேரம் பார்த்துப் போடுற' வித்தைக்குப் பேர் சின்க்ரனைசிங். ட்ரிபிள்-ஈ மக்கள் இப்பவே 'இது தெரியாதா?'னு சிரிச்சிருப்பீங்க. சிவில், மெக், பி.காம் மக்களே... பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு வாடகை ஜெனரேட்டர் எடுக்க ஓடுறது நீங்கதானே? ஒரு மனுஷனோட உயிர் உங்க கையிலயும் இருக்கு. அதை எங்கேன்னு போகப் போகச் சொல்றேன்.

தாம்பரத்துல இருந்து ரெண்டு ரயில்

தொட்டி உதாரணம் ஏன் இங்கே எடுபடலை? நம்ம வீட்டுக்கு வர்ற ஏ.சி. கரன்ட் தொட்டித் தண்ணி மாதிரி அசையாம நிக்காது. அது அலை. ஒரு செகண்டுக்கு 50 தடவை மேலே ஏறி, கீழே இறங்கி வரும். அதைத்தான் 50 ஹெர்ட்ஸ்னு சொல்றோம். இடது பக்க அலை உச்சியில இருக்குற அதே நொடியில வலது பக்க அலை அடிமட்டத்துல இருந்தா? மீட்டர்ல ரெண்டும் 415-னுதான் காட்டும். ஆனா ஸ்விட்சோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் ரெண்டு மடங்கு!

இன்னும் சுலபமா சொல்றேன். சென்னையில தாம்பரத்துக்கும் எக்மோருக்கும் நடுவுல போயிருக்கீங்களா? ஒரு தண்டவாளத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின், பக்கத்துத் தண்டவாளத்துல எக்ஸ்பிரஸ். சில சமயம் ரெண்டும் ஜோடி போட்டுக்கிட்டு ஓடும். எதிர் ஜன்னல்ல உட்கார்ந்திருக்கிறவர் படிக்கிற பேப்பரோட தலைப்பைக்கூட நாம படிச்சிடலாம்.

இப்போ ஒரு கற்பனை. ஓடிக்கிட்டே இருக்குற இந்த ரெண்டு ரயிலையும், ஒரு ஜன்னல் கம்பிக்கும் எதிர் ஜன்னல் கம்பிக்கும் நடுவுல ஒரு இரும்புச் சட்டம் போட்டு இணைக்கணும். என்னவெல்லாம் சரியா இருக்கணும்?

ஒண்ணு... ரெண்டு ரயிலும் ஒரே திசையில போகணும். எதிர் எதிரே போனா கதை அங்கேயே முடிஞ்சது. இதுதான் ஃபேஸ் சீக்வென்ஸ். ஆர், ஒய், பி மூணு ஃபேஸும் ரெண்டு பக்கமும் ஒரே வரிசையில சுத்தணும்.

ரெண்டு... வேகம் ஒண்ணா இருக்கணும். இது ஃப்ரீக்வென்சி.

மூணு... ஜன்னல்கள் ஒரே உயரத்துல இருக்கணும். இது வோல்டேஜ்.

நாலு... வேகம் ஒண்ணா இருந்தா மட்டும் போதாது. உங்க ஜன்னலும் எதிர் ஜன்னலும் நேருக்கு நேர் வந்திருக்கணும். இது ஃபேஸ் ஆங்கிள்.

இந்த நாலுல முதல் மூணைச் சரிபண்ணக் கைப்பிடி இருக்கு, மீட்டர் இருக்கு. நாலாவதுக்கு நீங்க காத்திருந்துதான் ஆகணும். மக்கள் சறுக்குறதும் இந்த நாலாவதுலதான்.

ஒருமுறை இணைச்சாச்சுன்னா அப்புறம் ரெண்டு ரயிலும் ஒரே ரயில். ஒண்ணு கொஞ்சம் பின்தங்கினா மத்தது இழுத்துக்கிட்டுப் போகும். இந்தப் பலத்துக்காகத்தான் இணைக்கிறதே. தப்பா இணைச்சா, அதே பலம்தான் ஒண்ணை ஒண்ணு பிய்ச்சுப்போடும்.

மூணு பல்ப் மேஜிக்

மெஷின்ஸ் லேபுக்குள்ள போவோம். ஒரு டி.சி. மோட்டார், அது சுத்திவிடுற ஒரு ஆல்டர்னேட்டர். எதிர்ப்பக்கம் ஈ.பி. சப்ளை. நடுவுல மூணு கம்பியையும் சேர்க்குற ஒரு ஸ்விட்ச். ஸ்விட்சோட ஒவ்வொரு ஃபேஸுக்கும் குறுக்கே பல்ப்.

ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஏன் ரெண்டு பல்ப் சீரிஸ்ல போட்டிருக்காங்கன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? ஃபேஸ் வோல்டேஜ் 240. ரெண்டு பக்கமும் நேர் எதிரா இருக்குறப்போ வித்தியாசம் 480. ஒத்தை பல்ப் போட்டா ஒரு தடவை பளிச்சுனு எரிஞ்சிட்டு ஃப்யூஸ் போயிடும்.

மோட்டார் வேகத்தைக் கூட்டிக்கிட்டே போங்க. மூணு ஃபேஸ் பல்பும் ஒண்ணா எரியும், ஒண்ணா அணையும். மறுபடி எரியும், அணையும். அந்தத் துடிப்பு சும்மா இல்லை. ரெண்டு பக்கத்து ஃப்ரீக்வென்சிக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. ஒரு செகண்டுக்கு ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சா வித்தியாசம் ஒரு ஹெர்ட்ஸ். பத்து செகண்டுக்கு ஒரு தடவைன்னா 0.1 ஹெர்ட்ஸ். மீட்டரே வேண்டாம், வாட்ச் போதும்!

மூணும் ஒண்ணா எரியாம ஒண்ணு மாத்தி ஒண்ணுன்னு சுத்திச் சுத்தி எரிஞ்சா? ஃபேஸ் சீக்வென்ஸ் மாறிக் கிடக்கு. நிறுத்திட்டு, ஆல்டர்னேட்டர் பக்கம் ரெண்டு ஒயரை இடம் மாத்துங்க.

எல்லாம் சரி. துடிப்பு நிதானத்துக்கு வந்திருச்சு. மூணும் இருட்டாகும்போது ஸ்விட்சைப் போடணும். பல்ப் எரியும்போது கையை வைக்காதே, அணைஞ்சா போடு! சின்ன வயசுல இருந்து நாம கத்துக்கிட்டதுக்கு நேர் எதிர். எரியற பல்ப், 'ரெண்டு பக்கமும் இன்னும் சண்டையில இருக்கு, பக்கத்துல வராதே'னு சொல்லுது.

இதுலயும் ரெண்டு வில்லங்கம் இருக்கு. ஒண்ணு, பல்ப் ஃப்யூஸ் போயிருந்தாலும் இருட்டுதான்! அதனால முழு பிரகாசத்துக்கு எரிஞ்சு அணையுதான்னு பல சுற்று பார்த்துட்டுத்தான் போடணும். ரெண்டு, வோல்டேஜ் வித்தியாசம் பூஜ்யத்துக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இழை பல்ப் மங்கி அணைஞ்சிடும். இருட்டு நீளமா இருக்கும். அந்த இருட்டுக்குள்ள சரியான நொடி எதுன்னு கண்ணுக்குத் தெரியாது. லேப்ல இருக்குற சின்ன மெஷின் இதைத் தாங்கிக்கும். பவர் ஹவுஸ்ல இருக்குற பெரிய மெஷின் தாங்காது.

ஊசி சொல்றதைக் கேளு

அங்கே வர்றார் சின்க்ரோஸ்கோப். பார்க்க வட்டமா கடிகாரம் மாதிரி இருப்பார். ஒரே ஒரு ஊசி. ஊசி 12 மணியில நின்னா ஜன்னல்கள் நேருக்கு நேர். 6 மணியில இருந்தா நேர் எதிர், ரெண்டு மடங்கு வித்தியாசம், ஆபத்தோட உச்சம். ஊசி 'ஃபாஸ்ட்' பக்கம் சுத்தினா நம்ம மெஷின் கிரிட்டைவிட வேகமா ஓடுது. 'ஸ்லோ' பக்கம் சுத்தினா பின்தங்குது.

பழகின ஆபரேட்டர் என்ன செய்வார் தெரியுமா? ஊசியை ஃபாஸ்ட் பக்கமே, ஆனா மெதுவா சுத்த விடுவார். ஏன் ஃபாஸ்ட்? கொஞ்சம் வேகமா ஓடுற மெஷின், சேர்ந்ததும் தானா கொஞ்சம் லோடை எடுத்துக்கும். பின்தங்கின மெஷினைச் சேர்த்தா, கிரிட் அதைத் தள்ளிக்கிட்டு ஓட வேண்டியிருக்கும். ஜெனரேட்டர் மோட்டார் ஆயிடும். ரிவர்ஸ் பவர் ரிலே 'போய்யா வெளியே'னு தள்ளிவிட்டுடும்.

ஊசி 12-ஐத் தொட்டதும் ஸ்விட்ச் அழுத்துறதும் தப்பு. பிரேக்கர் கான்டாக்ட் ஓடிப்போய் ஒட்ட ஒரு நேரம் எடுத்துக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. வித்தியாசம் 0.1 ஹெர்ட்ஸ்னா ஊசி பத்து செகண்டுக்கு ஒரு சுற்று, அதாவது செகண்டுக்கு 36 டிகிரி. பிரேக்கர் மூட 0.1 செகண்ட் ஆச்சுன்னா, அதுக்குள்ள ஊசி 3.6 டிகிரி நகர்ந்திருக்கும். அதனால 12-க்குக் கொஞ்சம் முன்னாடியே ஆர்டர் கொடுக்கணும். இந்தக் கணக்கைத் தானே போட்டு, தானே ஆர்டர் கொடுக்குற பெட்டிதான் ஆட்டோ சின்க்ரனைசர்.

எவ்வளவு துல்லியம் வேணும்? பெரிய ஜெனரேட்டர்களுக்கான ஐ.இ.இ.இ. தரநிலை சொல்றது: ஆங்கிள் வித்தியாசம் 10 டிகிரிக்குள்ள, ஃப்ரீக்வென்சி வித்தியாசம் 0.067 ஹெர்ட்ஸுக்குள்ள, வோல்டேஜ் 5 சதவீதத்துக்குள்ள. கடிகாரத்துல ஒரு நிமிஷக் கோடுக்கு 6 டிகிரி. அப்போ 10 டிகிரின்னா, 12-க்கு ரெண்டு பக்கமும் ரெண்டு நிமிஷக் கோடுகூட முழுசா இல்லை!

இன்னொரு ட்ரிக். ஊசி 4 மணியில அசையாம நின்னுடுச்சு. 'அப்பாடா, ஃப்ரீக்வென்சி ஒண்ணாயிருச்சு, போட்ரலாமா?' கூடவே கூடாது! ரயில்கள் ஒரே வேகத்துல போகுது, வாஸ்தவம். ஆனா ஜன்னல்கள் 120 டிகிரி தள்ளி நிக்குது. மோட்டாரை லேசா தட்டிவிட்டு ஊசியை மறுபடி சுத்த விட்டுத்தான் 12-க்குக் கொண்டு வரணும்.

தவறினா என்ன ஆகும்?

2007-ல் அமெரிக்காவுல ஐடஹோ தேசிய ஆய்வகத்துல ஒரு சோதனை செஞ்சாங்க. பேர் 'அரோரா'. 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர் ஒண்ணு. வெடிகுண்டு வைக்கலை, சுத்தியல் எடுக்கலை. அதோட பிரேக்கரைத் திறந்து, ஆங்கிள் விலகின நேரம் பார்த்து மறுபடி மூடினாங்க. அதையே திரும்பத் திரும்பச் செஞ்சாங்க. வெளியே வந்த வீடியோவுல பார்த்தீங்கன்னா, அவ்வளவு பெரிய மெஷின் ஒவ்வொரு தடவையும் உதறும். கடைசியில புகையைக் கக்கிக்கிட்டு நின்னுடும். கம்ப்யூட்டர் வழியா யாராவது உள்ளே புகுந்து பிரேக்கரை ஆட்டிவெச்சா என்ன நடக்கும்னு காட்டத்தான் இந்தச் சோதனை.

கிரிட்ங்கிறது லட்சக்கணக்கான டன் இரும்பு ஒரே தாளத்துல சுத்துற கூட்டம். நீங்க 120 டிகிரி தள்ளி உள்ளே குதிச்சா, கூட்டம் உங்களுக்காகத் தாளம் மாத்தாது. ஒரே இழுப்புல உங்களைத் தன் தாளத்துக்கு இழுத்துப்போடும். அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது உங்க ஷாஃப்ட்டும் வைண்டிங்கும்தான்.

'முடியாது'ன்னு சொன்ன பெட்டி

மனுஷன் அவசரப்படுவான். அதனால பேனல்ல இன்னொரு காவல்காரனை வெச்சிருப்பாங்க. சின்க் செக் ரிலே. டிராயிங்ல 25-னு நம்பர் போட்டிருக்கும். அவர் ஸ்விட்சைத் தானா போட மாட்டார். நீங்க போடும்போது, ரெண்டு பக்கமும் ஒத்துப்போகலைன்னா தடுத்துடுவார். அவ்வளவுதான் அவரோட வேலை.

அவர் தடுத்தா நாம என்ன செய்யணும்? இதுக்கு இத்தாலியில நடந்த கதையைக் கேளுங்க.

2003 செப்டம்பர் 28. ஞாயிறு விடியக்காலை. ரோம் நகரத்துல அன்னிக்கு 'வெள்ளை இரவு' திருவிழா. விடிய விடிய மியூசியம், கச்சேரி, தெருவெல்லாம் உங்க வயசுப் பசங்க. இத்தாலி தனக்கு வேண்டிய கரன்ட்ல ஒரு பெரும் பங்கை வெளிநாட்டுல இருந்து வாங்கிக்கிட்டு இருந்துச்சு. மணி 3.01. சுவிட்சர்லாந்துல ஒரு 380 கிலோவோல்ட் லைன் மரத்துக்கு ரொம்பப் பக்கத்துல தொங்கி, பொறி பாஞ்சு, ட்ரிப் ஆச்சு.

லைனைத் திரும்பப் போட்டாப் போச்சு, இல்லையா? போட்டாங்க. போகலை. இங்கே ரெண்டு பக்கமும் ஒரே கிரிட்தான், ஃப்ரீக்வென்சி ஒண்ணுதான். ஆனா அந்த லைன் போனதும், அது சுமந்த பவரெல்லாம் மத்த லைன்கள் வழியா சுத்திப் போக ஆரம்பிச்சது. ஒரு பாதையில பவர் அழுத்தம் கூடக்கூட, ரெண்டு முனைக்கும் நடுவுல ஆங்கிளும் விரியும். அன்னிக்கு அது 42 டிகிரிக்கு விரிஞ்சிருச்சு. ரிலேக்குக் கொடுத்திருந்த எல்லை 30. 'முடியாது'ன்னு சொல்லிடுச்சு.

ரிலே மேல தப்பு இல்லை. அது தன் வேலையைச் சரியாச் செஞ்சது. அந்த 'முடியாது'க்கு ஒரு அர்த்தம் இருக்கு: 'முதல்ல பவரைக் குறை. ஆங்கிள் சுருங்கும். அப்புறம் வா.' அதுக்கு இத்தாலி தன் இறக்குமதியை வேகமாக் குறைச்சிருக்கணும். 3.11-க்கு போன் போச்சு. இத்தாலி சுமார் 300 மெகாவாட் குறைச்சது. அது போதலை, நேரமும் ஓடிருச்சு. இருக்குற லைன் எல்லாம் சூடேறித் தொங்க, 3.25-க்கு இன்னொரு லைனும் மரத்தால போச்சு. அடுத்த சில நொடிகள்ல மீதி லைன்களும் வரிசையாப் போக, ஐரோப்பாவுல இருந்து இத்தாலி துண்டாச்சு. சில நிமிஷத்துல சார்டீனியா தீவைத் தவிர நாடு முழுக்க இருட்டு. ஐந்தரைக் கோடிப் பேருக்குக் கரன்ட் இல்லை.

முதல் ட்ரிப்புக்கும் ரெண்டாவது ட்ரிப்புக்கும் நடுவுல 24 நிமிஷம் இருந்துச்சு. பெட்டி தடுத்ததும் 'ஏன் தடுக்குது, அதைச் சரிபண்ண யார் என்ன செய்யணும்'னு உடனே யோசிக்கிறவங்களுக்கு அது நிறைய நேரம். லேப்ல ஸ்விட்ச் போக மாட்டேங்குதுன்னா பலத்தைக் கூட்டி அழுத்துற பழக்கம் உங்களுக்கு இருந்தா, இந்தக் கதையை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கோங்க.

நம்ம ஊர் கிரிட் சேர்ந்த ராத்திரி

நம்ம நாட்டுக்கு வருவோம். 2012 ஜூலை 30-ம் தேதி விடியக்காலை வடக்கு கிரிட் விழுந்துச்சு. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூணும் சேர்ந்து விழுந்துச்சு. 60 கோடிப் பேருக்கு மேல வாழுற பகுதி. ரயில்கள் நடுவழியில நின்னுச்சு. டெல்லி மெட்ரோ நின்னுச்சு.

தெற்கு மட்டும் விழலை. ஏன்? அப்போ தெற்கு கிரிட் மத்த இந்தியாவோட 'சின்க்'ல இல்லை. நடுவுல இருந்தது எல்லாம் பத்ராவதி, காஜுவாகா, தால்ச்சர் - கோலார் மாதிரி டி.சி. இணைப்புகள். ஏ.சி.யை டி.சி. ஆக்கி, மறுபடி ஏ.சி. ஆக்கிக் கொடுக்குற ஏற்பாடு. டி.சி.க்கு ஃப்ரீக்வென்சியும் கிடையாது, ஆங்கிளும் கிடையாது. ரெண்டு ரயிலும் வேற வேற வேகத்துல போனாலும் சரக்கு மட்டும் கைமாறும். அங்கே ரயில் கவிழ்ந்தா இங்கே இழுக்காது. (நமக்கு அப்போ கிரிட் விழுந்து இருட்டாகலை. தமிழ்நாட்டுல தனியா மணிக்கணக்குல பவர் கட் இருந்ததை உங்க அண்ணன், அக்காவைக் கேட்டா கண்ணீரோட சொல்வாங்க!)

'அப்புறம் எதுக்கு சார் சேர்த்தாங்க, தனியாவே இருந்திருக்கலாமே?' நல்ல கேள்வி. டி.சி. வழியா இவ்வளவுதான் கொண்டு வர முடியும்னு ஒரு எல்லை உண்டு. வடக்கே கரன்ட் இருந்தும் நம்மால வாங்க முடியலை. இந்தப் பக்கம் ஒரு பெரிய மின் நிலையம் திடீர்னு நின்னா, அந்த அடியை தெற்கு தனியாத் தாங்கணும். சேர்ந்தா நாடே தோள் கொடுக்கும். நம்ம ஆரல்வாய்மொழி, கயத்தாறுக் காற்றாலைகள் சீசன்ல கொட்டிக் கொடுக்குறதை வடக்கே அனுப்பவும் அகலமான வழி வேணும்.

2013 டிசம்பர் 31. நாடு புத்தாண்டுக்குக் காத்திருந்த ராத்திரி. கர்நாடகாவுல ராய்ச்சூர், மகாராஷ்டிராவுல ஷோலாப்பூர். நடுவுல 765 கிலோவோல்ட் லைன். லேப்ல நீங்க செய்யற அதே எக்ஸ்பெரிமென்ட்தான். இடது பக்கம் ஒரு ஆல்டர்னேட்டருக்குப் பதிலா ஐந்து தென் மாநிலங்களோட... அப்போ நாலு மாநிலமும் புதுச்சேரியும்... எல்லா மின் நிலையமும். வலது பக்கம் மீதி இந்தியா.

இங்கே திருகறதுக்கு ஒரு ரியோஸ்டாட் கிடையாது. ஒரு கிரிட்டோட ஃப்ரீக்வென்சி, உற்பத்திக்கும் தேவைக்கும் நடக்குற இழுபறியோட விடை. தேவை ஜாஸ்தியானா குறையும், உற்பத்தி ஜாஸ்தியானா ஏறும். ஒரு பக்கத்தை லேசா நகர்த்தணும்னா, லோட் டெஸ்பாட்ச் சென்டர்ல இருந்து மின் நிலையங்களுக்குச் சொல்லி உற்பத்தியைக் கூட்டணும், குறைக்கணும். அப்புறம் காத்திருக்கணும். ரெண்டு ஃப்ரீக்வென்சியும் நெருங்கி, ஆங்கிள் சுருங்கி, நேருக்கு நேர் வர்றப்போ... 'டக்'.

அன்னிக்கு ராத்திரியில இருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரைக்கும் ஒரே கிரிட், ஒரே ஃப்ரீக்வென்சி. இப்போ உங்க ஹாஸ்டல் ஃபேன் சுத்துற தாளமும், சிம்லாவுல ஒரு வீட்டு மிக்ஸிக்குப் போற கரன்ட்டோட தாளமும் ஒண்ணுதான்!

கல்ச்சுரல்ஸ் கமிட்டி... கொஞ்சம் இங்கே வாங்க

இப்போ நான் வாக்குக் கொடுத்த விஷயம். கல்ச்சுரல்ஸ், சிம்போசியம், ஊர்த் திருவிழா... எதுவா இருந்தாலும் வாடகை ஜென்செட் வந்து நிக்கும். இந்த செட்ல பெரும்பாலும் சின்க்ரோஸ்கோப்பும் இருக்காது, சின்க் செக் ரிலேயும் இருக்காது. அப்போ விதி ஒண்ணே ஒண்ணுதான்: ஈ.பி.யும் ஜென்செட்டும் எந்த நொடியிலும் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு 'ஹாய்' சொல்லக்கூடாது. அதுக்குத்தான் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். ஒரு பக்கம் ஈ.பி., மறு பக்கம் ஜென்செட், நடுவுல ஆஃப். ரெண்டும் ஒரே நேரத்துல சேர வழியே இல்லாத மாதிரி இரும்புலயே பூட்டு போட்டிருக்கும்.

ஆனா நடக்குறது என்ன? 'நேரம் ஆச்சுண்ணே, சீஃப் கெஸ்ட் வந்துட்டார்'னு அவசரப்படுத்தினா, ஜென்செட் ஒயரை நேரா போர்டுல சொருகிடுறாங்க. மெயினை ஆஃப் பண்ண யாரோ ஒருத்தரோட ஞாபகசக்தியை நம்புறாங்க.

அவர் மறந்தா ரெண்டு விபரீதம். முதலாவது, ஈ.பி. திரும்பி வரும்போது ஊசி எந்த மணியில இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஜென்செட் அடி வாங்கும், தீப்பிடிக்கலாம். ரெண்டாவதுதான் கொடுமை. உங்க ஜென்செட் கரன்ட் மெயின் வழியா வெளியே போய், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள தலைகீழா ஏறும். 11,000 வோல்ட்டை 400 சொச்சமா இறக்குற அதே டிரான்ஸ்ஃபார்மர், உங்க 400 சொச்சத்தை 11,000 ஆக்கி லைன்ல விடும். அங்கே கம்பத்து மேல, 'சப்ளை ஆஃப் பண்ணியாச்சு'ங்கிற நம்பிக்கையில ஒரு லைன்மேன் வேலை பார்த்துக்கிட்டு இருப்பார். உங்க ஏரியாவுக்குக் கரன்ட் கொண்டு வரத்தான் அவர் ஏறியிருக்கார்.

வேலையை ஆரம்பிக்கும் முன்னாடி லைனை டெஸ்ட் பண்ணி, எர்த் பண்ணிட்டுத்தான் லைன்மேன் கையை வைக்கணும்னு விதி இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா அவர் விதியை நம்பி நாம அலட்சியமா இருக்கக்கூடாது இல்லையா?

அதனால ஜென்செட் அண்ணன் வந்ததும் மூணு கேள்வி கேளுங்க. 'அண்ணே, சேஞ்ச் ஓவர் எங்கே?' 'நியூட்ரலும் சேர்ந்து மாறுதா?' 'செட்டை எர்த் பண்ணியாச்சா?' காலேஜ் எலெக்ட்ரீஷியனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே கேளுங்க. பதில் சரியில்லைன்னா நிகழ்ச்சி அரை மணி லேட்டாகட்டும். சீஃப் கெஸ்ட் காத்திருப்பார்.

மொட்டை மாடி சோலார் வெச்ச வீட்டுக்காரங்க ஒரு புகார் சொல்வாங்க: 'வெயில் கொளுத்துது, ஈ.பி. போனா சோலாரும் சேர்ந்து நின்னுடுதே!' அது பழுது இல்லை பாஸ். கிரிட்டோட சேர்ந்து ஓடுற இன்வெர்ட்டர், கிரிட் செத்ததும் தானும் விலகணும்னு வெச்சிருக்காங்க. அதே லைன்மேனுக்காகத்தான். கரன்ட் வந்ததும் அது வோல்டேஜ் பார்த்து, ஃப்ரீக்வென்சி பார்த்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, ஆங்கிள் பார்த்து தானா சேரும். உங்க லேப் எக்ஸ்பெரிமென்ட்டை ஊர்ல பல மாடிகள்ல ஒரு பெட்டி தினமும் காலையில செஞ்சு முடிச்சிடுது!

ட்ரிபிள்-ஈ முடிச்சு பவர் ஹவுஸ், சப் ஸ்டேஷன், லோட் டெஸ்பாட்ச்னு போகப்போற ஃப்ரெண்ட்ஸுக்கு ஒண்ணு மட்டும். என்னிக்காவது ஒருநாள் நீங்க பேனல் முன்னாடி நிப்பீங்க. பின்னாடி நாலு பேர் 'போடுப்பா, லேட் ஆகுது'ன்னு நிப்பாங்க. அதுல உங்க மேலதிகாரியும் இருக்கலாம். ஊசி 2 மணியில இருக்கும். 'சார், இன்னொரு சுற்று வரட்டும்'னு சொல்ற தைரியத்தையும் சேர்த்துத்தான் இந்த லேப் உங்களுக்குக் கத்துக்கொடுக்குது. கொஞ்ச நேரம்தான் பாஸ், ஊசி மறுபடி வந்துடும்.

வைவா கார்னர்

* சின்க்ரோஸ்கோப் ஃபேஸ் சீக்வென்ஸைக் காட்டுமா? காட்டாது. அதைத் தனியா, முதல்லயே செக் பண்ணியிருக்கணும்.

* மூணு பல்பும் ஒண்ணா எரிஞ்சு அணைஞ்சா? சீக்வென்ஸ் சரி. சுத்திச் சுத்தி எரிஞ்சா தப்பு.

* எந்தப் பக்கம் சுத்தும்போது போடணும்? ஃபாஸ்ட் பக்கம், மெதுவா, 12-க்குச் சற்று முன்.

* ஊசி 12-லயே அசையாம நிக்குதே? சந்தோஷப்படாதீங்க. மீட்டர் ஒட்டிக்கிட்டு இருக்கலாம். ஒரு சுற்று சுத்துதான்னு பார்த்துட்டுப் போடுங்க.

* சின்க் செக் ரிலேக்கும் ஆட்டோ சின்க்ரனைசருக்கும் என்ன வித்தியாசம்? முதல்வர் தடுப்பார். ரெண்டாமவர் சரிபண்ணி, நேரம் பார்த்துப் போடுவார்.

இதுல ஒரு கேள்வியாவது எக்ஸ்டர்னல் கேட்பார். பதில் சொல்லிட்டு வந்து ஒரு டீ வாங்கிக் கொடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!